குதிகாலில் எடுத்த பஞ்ச் பயாப்ஸி: மச்சமா, மெலனோமா என்ற நிறமிப் புற்றுநோயா?

இரண்டாம்வருட_பிஜி கேட்டது:

வணக்கம். நான் எம்.டி. பேத்தாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். இரண்டு நாளாக ஒரே ஸ்லைடோடு உட்கார்ந்திருக்கிறேன், முடிவுக்கு வர முடியவில்லை. நோயாளி யாரென்று தெரியக்கூடிய எதையும் எழுதவில்லை.

அறுபது வயது தாண்டிய விவசாயக் கூலி. வலது குதிகாலில் கறுப்புத் திட்டு, மூன்று வருடமாக இருக்கிறதாம். வயலில் முள் குத்தி ரத்தம் கட்டிவிட்டது என்று நினைத்து எருக்கம்பால் வைத்திருக்கிறார். நான்கு மாதமாக நடுவில் ஒரு புடைப்பு, செருப்பு உரசினால் ரத்தம். திட்டு மொத்தம் 2.5 செ.மீ. எங்களுக்கு வந்தது 4 மி.மீ. பஞ்ச் (வட்டக் கருவியால் குத்தி எடுத்த சிறு தோல் துண்டு) ஒன்றே ஒன்று. ரிக்வெஸ்ட் ஃபார்மில் 'பிக்மென்டட் லீஷன், ரைட் ஹீல்' என்பதைத் தவிர ஒரு வரியும் இல்லை. மேலே எழுதியதெல்லாம் நானே வார்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டது.

ஸ்லைடில்: தடித்த கெரட்டின். எபிடெர்மிஸின் (மேல்தோலின்) அடியிலுள்ள பேசல் அடுக்கில் மெலனோசைட்டுகள் (நிறமி செய்யும் செல்கள்) ஒற்றை ஒற்றையாக வரிசை கட்டி நிற்கின்றன, அங்கங்கே இரண்டு மூன்று சேர்ந்து சிறு கூடுகள். சில செல்கள் மேலேறி, கெரட்டினுக்குக் கீழே உள்ள கிரானுலர் அடுக்கு வரை வந்திருக்கின்றன. நியூக்ளியஸ் கொஞ்சம் கறுத்திருக்கிறது. ஆனால் பயமுறுத்தும் அளவுக்கு ஏட்டிபியா (செல்லின் விகாரத் தோற்றம்) இல்லை, மைட்டோசிஸ் (பிரியும் செல்) ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டெர்மிஸில் (உள்தோலில்) மெலனோஃபேஜ்கள் (மெலனினை விழுங்கிய செல்கள்) நிறைய, கொஞ்சம் லிம்ஃபோசைட்டுகள். நிறமி இருக்கும் இடத்தில் எது மெலனோசைட், எது மெலனோஃபேஜ் என்றே பிரிக்க முடியவில்லை.

'அக்ரல் நீவஸ்' (உள்ளங்கை, உள்ளங்காலில் வரும் மச்சம்) என்று எழுதலாமா, 'மெலனோமா இன் சிட்டு' (எபிடெர்மிஸைத் தாண்டாத மெலனோமா) என்று எழுதலாமா? மெலனோசைட்டைக் காட்டும் ஸ்டெயின்களில் எங்கள் லேபில் எஸ்100, எச்எம்பி-45 இரண்டும்தான் இருக்கின்றன. இன்னொன்று, புத்தகத்தில் நான்கு வகை மெலனோமா என்று படித்தேன், சீனியர் ஒருவர் அந்த வகைப்பாடே மாறிவிட்டது என்கிறார். தேர்வில் எதை எழுதுவது?


ரிப்போர்ட்டிங்_ரூம்:

மேலே ஏறும் செல் இருக்கிறது என்கிறீர்கள். அந்த பேஜட்டாய்ட் ஸ்ப்ரெட் இருந்தால் மெலனோமாதான், யோசிக்க வேண்டாம். எச்எம்பி-45 போட்டு ரிப்போர்ட் கொடுத்துவிடுங்கள்.


தோல்_ஓபி:

நான் டெர்மட்டாலஜி. ஸ்லைடைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் டெர்மஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். உள்ளங்காலில் கைரேகை மாதிரி மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடும். நிறம் பள்ளத்தோடு ஓடினால் பெரும்பாலும் மச்சம், மேட்டின் மேல் பட்டையாக ஓடினால் மெலனோமாவை நினைக்க வேண்டும். ஜப்பானில் சைடா குழுவினர் நிறுவியது இது. அங்கே மெலனோமா அதிகமாக வரும் இடம் கால் பாதம்தான், நம் ஊரிலும் பாதத்தில் அதிகம் பார்க்கிறோம். தெளிவான மச்ச அமைப்பு இல்லாமல் 7 மி.மீ.க்கு மேல் போன திட்டு என்றால் பயாப்ஸி என்பது அவர்கள் வைத்த கணக்கு. உங்கள் நோயாளிக்கு 25 மி.மீ.


பழைய_மைக்ரோஸ்கோப்:

தம்பி, வார்டுக்குப் போய் நோயாளியிடமே கேட்டு வந்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. நான் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்லைடு பார்த்தவள், இப்போது ஓய்வில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். 'பேஜட்டாய்ட் ஸ்ப்ரெட் இருந்தால் மெலனோமா' என்பது முதுகுத் தோலில் ஓரளவு செல்லும், உள்ளங்காலில் செல்லாது. அக்ரல் மச்சங்களில் மெலனோசைட்டுகள் மேலே ஏறுவது சகஜம். அதற்கென்றே ஒரு பெயர்கூட வைத்திருக்கிறார்கள். மச்சத்தில் அந்த ஏற்றம் நடுப்பகுதியில் மட்டும் இருக்கும், ஏறும் செல்கள் சிறியவை, ஒன்றுபோல் இருப்பவை. ஓரம் வரை பரவி, ஏறும் செல்லின் நியூக்ளியஸும் பெரிதாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆக அந்த ஒன்றை வைத்து எந்தப் பக்கமும் சாயாதீர்கள்.

இப்போது ஸ்லைடை மறுபடி எடுங்கள். 40-க்குப் போகாதீர்கள், 4-லேயே இருங்கள். தோல்_ஓபி சொன்ன மேடு, பள்ளம் இரண்டையும் ஸ்லைடில் கண்டுபிடிக்க வேண்டும். வழி சுலபம்: வியர்வைக் குழாய் எந்த ரீட் முளைக்குள் (எபிடெர்மிஸ் டெர்மிஸுக்குள் இறங்கும் முளை) நுழைகிறதோ, அதுதான் மேட்டுக்கு அடியில் இருக்கும் முளை. உள்ளங்காலில் அந்தக் குழாய் கெரட்டினுக்குள் திருகு சுருளாக ஏறுவது நன்றாகத் தெரியும். குழாய் நுழையாத பக்கத்து முளை பள்ளத்துடையது. இனி, மெலனோசைட்டுகள் எந்த முளையில் அதிகம் என்று பாருங்கள். கெரட்டினுக்குள் மெலனின் தூண் தூணாக ஏறியிருக்கும், அந்தத் தூண் எந்த முளைக்கு நேர் மேலே நிற்கிறது என்றும் பாருங்கள். பள்ளத்துக்கு மேலே ஒழுங்கான ஒல்லித் தூண்கள் என்றால் மச்சத்தின் பக்கம். குழாய் நுழையும் முளையில் கூட்டம் அதிகமாகி, கெரட்டின் முழுக்கத் தூள் தூவியது போல் மெலனின் இருந்தால் மெலனோமாவின் பக்கம். டெர்மஸ்கோப்பில் அவர்கள் மேலிருந்து பார்ப்பதையே நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம்.

ஆனால் பிளாக்கில் திசு வைக்கும்போது ரேகைக்குக் குறுக்காக வெட்டியிருந்தால்தான் இது தெரியும். ரேகையோடு சேர்ந்து வெட்டினால் முழு செக்‌ஷனும் ஒரே மேட்டுக்குள்ளோ ஒரே பள்ளத்துக்குள்ளோ மாட்டிக்கொள்ளும். கிராஸிங் (திசுவைக் கண்ணால் பார்த்து வெட்டுவது) பண்ணும்போதே லென்ஸ் வைத்துப் பார்த்து வெட்ட வேண்டிய திசு இது.

அடுத்தது நீங்கள் எழுதிய வரி: 'பயமுறுத்தும் அளவுக்கு ஏட்டிபியா இல்லை.' இந்த இடத்தில்தான் நான் ஒரு முறை தப்புப் பண்ணினேன்.

இருபது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மா, இடது பாதத்தில் திட்டு, ஒரு சின்ன பஞ்ச். வரிசையாக ஒற்றை மெலனோசைட்டுகள், லேசாகக் கறுத்த நியூக்ளியஸ், மைட்டோசிஸ் இல்லை. 'அக்ரல் ஜங்ஷனல் நீவஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினாலு மாதம் கழித்து அதே அம்மா தொடை இடுக்கில் நெறி கட்டி வந்தார். ஊசி போட்டு எடுத்த ஸ்மியரை நான்தான் பார்த்தேன். இரட்டை நியூக்ளியஸ், உள்ளே பெரிய சிவந்த நியூக்ளியோலஸ், சைட்டோபிளாசத்தில் பொடிப்பொடியாக மெலனின். பெயரைப் பார்த்ததும் கை நடுங்கியது. ஸ்டோரில் போய்ப் பழைய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். அதே ஸ்லைடு, அதே செல்கள். வியர்வைக் குழாய் நுழையும் முளையின் ஓரத்தில் ஆறு ஏழு மெலனோசைட்டுகள் எறும்புச்சாரி மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் நியூக்ளியஸும் கோணல்மாணலாக, மை தடவியது போல் கறுப்பாக, சுற்றிலும் ஒரு வெள்ளை வளையத்தோடு. அவற்றின் கிளைகள் தடித்து, கெரட்டினோசைட்டுகளுக்கு நடுவே கிரானுலர் அடுக்கு வரை நீண்டிருந்தன. அன்றும் அவை அங்கேதான் இருந்தன. பஞ்ச் திட்டின் ஓரத்தில் எடுத்தது என்று சர்ஜனிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. கையெழுத்துப் போடும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அக்ரல் மெலனோமாவின் ஓரம் பார்க்க அப்படித்தான் சாதுவாக இருக்கும். நடுவில் கட்டி 3 மி.மீ. ஆழம் போயிருக்கும், ஓரத்தில் பேசல் அடுக்கில் மெலனோசைட்டுகள் கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் செல்களில்கூட மரபணுப் பெருக்கம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெட்டி எடுத்த ஓரம் சுத்தம் என்று எழுதிய பிறகும் அதே இடத்தில் திரும்பி வருவதற்கு அது ஒரு காரணம்.

அதனால் இந்தப் பஞ்சை வைத்து நீவஸ் என்றும் எழுதாதீர்கள், வெறும் இன் சிட்டு என்றும் எழுதாதீர்கள். 'இன் சிட்டு' என்று எழுதினால் சர்ஜன் அரை சென்டிமீட்டர் மார்ஜினோடு எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். புடைப்பு இருக்கிறது, ரத்தம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். 'அக்ரல் தோலில் ஏட்டிபிகல் லென்டிஜினஸ் மெலனோசைட்டிக் பெருக்கம். மருத்துவ விவரங்களோடு சேர்த்துப் பார்த்தால் மெலனோமா என்றே வலுவான சந்தேகம். இந்தத் திசு திட்டின் ஓரமாக இருக்கலாம். புடைப்பையும் சேர்த்து ஆழமாகத் திரும்ப எடுக்கவும்' என்று எழுதுங்கள். போனில் சர்ஜனிடமும் பேசிவிடுங்கள்.

ஸ்டெயின் பற்றி. எஸ்100 எபிடெர்மிஸில் லாங்கர்ஹான்ஸ் செல்களையும் பிடிக்கும், அதனால் மேலே ஏறும் செல்லை எண்ண அது உதவாது. எச்எம்பி-45 டெர்மிஸுக்குள் செல்கள் இறங்கியிருந்தால் பயன்படும்: மச்சத்தில் மேலே பிடித்து ஆழம் போகப் போக மங்கிவிடும், மெலனோமாவில் கீழேயும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். வெளியே அனுப்ப வழி இருந்தால் சாக்ஸ்10 கேளுங்கள். நியூக்ளியஸை மட்டும் பிடிப்பதால் பேசல் அடுக்கில் எத்தனை மெலனோசைட் என்று தலை எண்ணலாம். பிரேம் என்ற ஸ்டெயின் கிடைத்தால் இன்னும் நல்லது, முக்கால்வாசிக்கு மேற்பட்ட செல்களில் அழுத்தமாகப் பிடித்தால் மெலனோமாவுக்குச் சாதகம். எதுவுமே கிடைக்காவிட்டாலும் பதற வேண்டாம், சாதாரண எச் அண்ட் ஈ ஸ்டெயினில் தெரியவேண்டியது பெரும்பாலும் தெரியும்.

வகைப்பாடு. 1969-இல் வாலஸ் கிளார்க் மெலனோமாவை மேலோட்டமாகப் பரவுவது, லென்டிகோ மலிக்னா, நோடுலர் என்று பிரித்தார். உள்ளங்கால் மெலனோமா அதில் தனியாக இல்லை. 1976-இல் ரிச்சர்ட் ரீட் அக்ரல் லென்டிஜினஸ் என்று அதைத் தனியே எடுத்து வைத்தார். நீங்கள் படித்த நான்கு அதுதான். 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தோல் கட்டிகள் நூல், வெயில் எவ்வளவு சேதம் செய்திருக்கிறது என்பதை அடிப்படையாக வைத்துத் திருப்பி அடுக்கியது. டெர்மிஸில் சோலார் எலாஸ்டோசிஸ், அதாவது எலாஸ்டிக் நார்கள் நீலச்சாம்பல் கூழாவது, குறைவாக இருந்தால் ஒரு வரிசை, அதிகமாக இருந்தால் இன்னொரு வரிசை, வெயிலோடு சம்பந்தமே இல்லாதவை மூன்றாவது. அக்ரல், மியூகோசல், கண்ணின் யூவியல் எல்லாம் மூன்றாவதில் வரும். இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. மேலோட்டமாகப் பரவும் வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிராஃப் மரபணுவில் மாற்றம் இருக்கும். அக்ரலில் அது குறைவு, சிலருக்கு கிட் மரபணுவில் மாற்றம் இருக்கும். மருந்து அதைப் பொறுத்தது. தேர்வில் இரண்டையும் எழுதி, ஏன் மாற்றினார்கள் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். பழையது தெரியாமல் புதியது புரியாது.

குழம்புகிறோமே என்று கூசாதீர்கள். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது, 187 பேத்தாலஜிஸ்ட்டுகள், 240 தோல் பயாப்ஸிகள். வெறும் மச்சம் என்பதில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துப்போனார்கள். இடைப்பட்ட வகைகளிலும் இன் சிட்டுவிலும் ஆரம்பநிலை மெலனோமாவிலும் பாதிப் பேர்கூட நிபுணர் முடிவோடு ஒத்துப்போகவில்லை. சில மாதம் கழித்து அதே ஸ்லைடை அதே ஆளிடம் கொடுத்தபோது பலர் தங்கள் முடிவையே மாற்றிச் சொன்னார்கள். இந்த மாதிரி ஸ்லைடை இன்னொருவரிடம் காட்டாமல் வெளியே விடக்கூடாது என்று நான் வைத்துக்கொண்டது அந்த அம்மாவுக்குப் பிறகுதான்.


மைக்ரோடோம்_25:

நான் லேப் டெக்னீஷியன், இருபத்தைந்து வருட சர்வீஸ். மேடம் சொன்ன ரேகை விஷயம் ரொம்பச் சரி, திசுவை மெழுகில் எம்பெட் பண்ணும் எங்களுக்கு அதை யாராவது சொல்ல வேண்டும். ஃபார்மில் 'ரேகைக்குக் குறுக்கே' என்று ஒரு வார்த்தை எழுதி, ஒரு ஓரத்தில் இங்க் தொட்டு அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

குதிகால் கெரட்டின் பிளேடைத் தின்றுவிடும். டிரிம் பண்ணிய பிறகு பிளாக் முகத்தில் ஈரப்பஞ்சு வைத்து ஐஸ் மேல் கொஞ்ச நேரம் போட்டால் கெரட்டின் இளகும். புது பிளேடு, மெதுவான ஓட்டம். இல்லையென்றால் கெரட்டின் ஒரு பக்கம், எபிடெர்மிஸ் ஒரு பக்கம் என்று கிழிந்து நிற்கும்.

நிறமி மறைக்கிறது என்றால் பிளீச் கேளுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் வைத்தால் செக்‌ஷன் பழுப்பாகும், பிறகு ஆக்ஸாலிக் அமிலத்தில் வைத்தால் வெளுத்துவிடும், அப்புறம் எச் அண்ட் ஈ. நியூக்ளியஸ் பளிச்சென்று தெரியும். கோட்டட் ஸ்லைடில் எடுக்காவிட்டால் திசு மிதந்து போய்விடும். ஐஎச்சி (எஸ்100 போன்ற ஆன்டிபாடி ஸ்டெயின்) போடப் போகிறீர்கள் என்றால் பெர்மாங்கனேட்டைவிட நீர்த்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு திசுவுக்கு மென்மையானது. அதைவிடச் சுலபம், அதற்கு நிறம் தர பழுப்பு டேப் வேண்டாம், சிவப்பு ஏஇசி போடச் சொல்லுங்கள். டேப்தான் இருக்கிறது என்றால் கவுண்டர்ஸ்டெயினுக்கு ஹீமடாக்ஸிலினுக்குப் பதில் ஜீம்சா. மெலனின் பச்சை கலந்த நீலமாகிவிடும், டேப் பழுப்பாகவே நிற்கும்.


இரண்டாம்வருட_பிஜி (நான்கு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. மேடம் சொன்னபடி எழுதி, சர்ஜனிடம் நேரில் போய்ப் பேசினேன். அவர் கோபிக்கவில்லை, பஞ்ச் ஓரத்தில்தான் எடுத்தேன், நடுவில் தொட்டால் ரத்தம் நிற்காது என்று பயந்தேன் என்றார். புடைப்பிலிருந்து திரும்ப எடுத்துக் கொடுத்தார். அதில் சந்தேகமே இல்லை. டெர்மிஸில் பெரிய பெரிய கூடுகள், ஆழத்தில் உள்ள செல்லும் மேலே உள்ளது அளவுக்கே பெரிது, கீழே போகப் போகச் சிறுக்கவே இல்லை. ஆழத்திலேயே மைட்டோசிஸ்.

பழைய பஞ்சையும் மறுபடி பார்த்தேன். குழாய் நுழையும் முளை கிடைத்தது. நீங்கள் எழுதிய அந்த வெள்ளை வளையம், கோணல் நியூக்ளியஸ், கிளை எல்லாம் அப்படியே இருந்தன. முதல் நாள் அதையேதான் பார்த்தேன், ஆனால் கண்ணில் படவில்லை.

பிறகு பெரிய எக்ஸிஷன் வந்தது, 2 செ.மீ. மார்ஜின். அல்சர் இருக்கிறது. பிரெஸ்லோ (கட்டி இறங்கிய ஆழம்) 2.6 மி.மீ. என்று அளந்திருக்கிறேன், மைட்டோசிஸ் ஒரு சதுர மி.மீ.க்கு 4. புற்றுநோயின் நிலையைக் குறிக்கும் ஏஜேசிசி வகைப்பாட்டின் எட்டாம் பதிப்புப்படி டி3பி. ஒரு சந்தேகம்: ஒரு இடத்தில் வியர்வைக் குழாயைச் சுற்றி 4.3 மி.மீ. ஆழத்தில் மெலனோமா செல்கள் தெரிகின்றன. அதுவரை அளந்தால் டி4பி ஆகிவிடும். எதை எழுதுவது? சென்டினல் நோடும் (கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறி) வந்திருக்கிறது, இன்னும் வெட்டவில்லை.


பழைய_மைக்ரோஸ்கோப்:

நல்ல வேலை தம்பி. அந்த சர்ஜனையும் பாராட்டுகிறேன்.

1970-இல் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ 98 நோயாளிகளின் ஸ்லைடில் ஐபீஸ் மைக்ரோமீட்டர் வைத்து அளந்த அளவு இது, இன்றும் இதைவிட நம்பகமான ஒற்றை அளவு வரவில்லை. கிரானுலர் அடுக்கின் மேல்முனையிலிருந்து ஆழத்தில் உள்ள கடைசி செல் வரை. உள்ளங்காலில் கெரட்டினைச் சேர்த்து அளந்துவிடுகிறார்கள், அது மட்டுமே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அல்சர் உள்ள இடத்தில் அல்சரின் அடித்தளத்திலிருந்து. மைட்டோசிஸை அதிகம் உள்ள இடத்தில் தொடங்கி எண்ணினீர்கள்தானே? உங்கள் மைக்ரோஸ்கோப்பின் ஹை பவர் ஃபீல்டு விட்டம் 0.5 மி.மீ. என்றால் ஐந்து ஃபீல்டு, 0.55 என்றால் ஏறக்குறைய நான்கு சேர்ந்தால் ஒரு சதுர மி.மீ. ஒரு முறை ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் விஷயம்: செல்கள் குழாயின் எபிதீலியத்துக்குள்ளேயே இருக்கின்றனவா, தாண்டி வெளியே வந்துவிட்டனவா என்று லெவல் வெட்டிப் பாருங்கள். உள்ளேயே இருந்தால் அது எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் இன் சிட்டுதான், பிரெஸ்லோவில் சேராது. வெளியே வந்து குழாயை ஒட்டிக்கொண்டு மட்டும் நின்றாலும் அதைப் பிரெஸ்லோவில் சேர்ப்பதில்லை. கட்டியில் ஊடுருவல் அந்த ஓர் இடத்தில் மட்டுமே இருந்தால்தான் குழாயின் உள்விளிம்பிலிருந்து அளந்து எழுதுவோம். உங்களிடம் வேறு இடத்தில் தெளிவான 2.6 இருக்கிறது. அதையே எழுதி, 4.3-இல் குழாயைச் சுற்றிப் பரவல் இருப்பதைத் தனி வரியாகச் சேருங்கள், ஆன்காலஜியில் கேட்பார்கள்.

நோடை நீளவாக்கில், ஹைலம் (ரத்தக் குழாய்கள் நுழையும் இடம்) தெரியும்படி வெட்டுங்கள். ஒரு செக்‌ஷனோடு நிறுத்த வேண்டாம், பல லெவல் எடுத்து சாக்ஸ்10 அல்லது மெலன்-ஏ போடுங்கள். எஸ்100 போட்டால் நோடில் உள்ள டென்ட்ரிட்டிக் செல்கள் எல்லாம் பிடித்துக் குழப்பும். பாசிடிவ் செல் கிடைத்தால் எங்கே என்று பாருங்கள். கேப்சூலின் நாருக்குள் சின்னதாக, சாதுவாக, எச்எம்பி-45 பிடிக்காமல் இருந்தால் அது மச்ச செல்லாக இருக்கலாம், நோடில் அப்படி வருவதுண்டு. கேப்சூலுக்குக் கீழே சைனஸில், புடைப்பில் பார்த்த அதே பெரிய நியூக்ளியோலஸோடு இருந்தால் மெட்டாஸ்டாசிஸ். கட்டியின் ஸ்லைடையும் நோடின் ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், படம் எடுத்து இங்கே போடுங்கள். நானும் பார்க்கிறேன்.